பழைய நாற்காலியில் மாவு கொட்டுகிறதா? அதிகச் செலவில்லாமல் வண்டை ஒழிக்க

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது ஈட்டி மரச் சாமான்கள் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். வண்டு இலவச இணைப்பு. எங்கள் வீட்டு மேசைக்கும் நாற்காலிகளுக்கும் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டை, கீழே முகப்பவுடர் போல நைசான மாவு என்றால் வண்டு. மண்ணால் கோடு கோடாகப் பூசியிருந்தால் கரையான். அது தரையிலிருந்து வருவது, அதற்கு இந்த முறை போதாது.

அடுத்து, வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று சோதியுங்கள். சாமானைத் தட்டிப் பழைய மாவை உதிர்த்துவிட்டு, ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, காலடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு மூன்று வாரம் நகர்த்தாமல் விடுங்கள். புது மாவு விழுந்தால்தான் வேலை. இல்லையென்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

இந்த வண்டின் புழு தின்பது மரத்தில் உள்ள மாவுச்சத்தை. அது வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில்தான் இருக்கும். ஈட்டியின் வைரத்தை, அதாவது நடுவில் உள்ள கறுத்த மரத்தை, அது தொடாது. அதனால் ஓட்டைகள் ஓரத்தில் பட்டையாக இருப்பதைப் பார்க்கலாம்.

மருந்து இதுதான்: 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் பவுடர். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். போரிக் பவுடர், கேரம் போர்டில் தூவுகிறோமே அதேதான். ஆனால் வேறு எதுவும் கலக்காத போரிக் ஆசிட் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். கையுறை போடுங்கள். குழந்தைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். அரிசிப் பெட்டி, வெட்டும் பலகைக்கு இது வேண்டவே வேண்டாம்.

இனிதான் முக்கியமான இடம். பாலிஷ் மேல் எத்தனை முறை பூசினாலும் மருந்து வழிந்து ஓடிவிடும், உள்ளே போகாது. அதற்காக முழு நாற்காலியையும் சுரண்ட வேண்டாம். தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பக்கம், டிராயரின் உட்புறம், பின்பலகை இங்கெல்லாம் பெரும்பாலும் பாலிஷே இருக்காது. வண்டு முட்டை வைப்பதும் அந்தப் பாலிஷ் படாத மரத்தின் துளைகளில்தான். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரஷ்ஷால் இரண்டு மூன்று கை பூசுங்கள். முகப்பில் உள்ள ஓட்டைகளுக்கு மருந்துக் கடை ஊசி போதும்.

ஆனால் பழைய சாமான்களை வஜ்ஜிரம் போட்டுத்தான் ஒட்டியிருப்பார்கள். வஜ்ஜிரம் வெந்நீரில் இளகிவிடும். அதனால் மருந்து நன்றாக ஆறிய பிறகே பூசுங்கள், மூட்டுகளில் ஊற்றாதீர்கள். மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டிய சாமானுக்கு ஊசி மட்டும்.

நம் ஊர் மூடுபனி இங்கே ஒருவகையில் நல்லது. மரம் ஈரமாக இருக்கும்வரை மருந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பாலிஷ் போடும்போதுதான் அது எதிரி. அரக்கு பாலிஷ் ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிடும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போடுங்கள். போடாமலும் விடாதீர்கள், தண்ணீர் பட்டால் மருந்து கரைந்து வெளியே வந்துவிடும்.

மண்ணெண்ணெய் ஊற்றலாமே என்பார்கள். பட்ட புழு சாகும், அப்புறம் ஆவியாகிவிடும். குளிருக்குக் கரி அடுப்பு மூட்டும் வீட்டில் அந்த வாடையே எனக்குப் பயம். யூகலிப்டஸ் தைலம் வாசனைக்கு நல்லது, அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: மருந்து அடித்த பிறகும் கோடையில் புது ஓட்டை வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஆழத்தில் இருக்கும் புழுவை மேல்பூச்சு எட்டாது. அது வளர்ந்து வண்டாகி வெளியேறும்போது போடும் ஓட்டை அது. இந்த வண்டுக்குப் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். மருந்து ஏறிய பலகையில் அடுத்த தலைமுறை பிழைக்காது. அதனால் மறு கோடை வரை மெழுகு வைத்து அடைக்காமல் விட்டு, பென்சில் வட்டத்துக்கு வெளியே புதிதாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் அந்த இடத்தில் மறுபடி ஊசி.