வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு
'அடுத்த வருஷம் பாஸ்' என்பதை மட்டும் இலக்காக வைக்காதீர்கள், இன்றைக்கு எதைப் படிப்பது என்று அது சொல்லாது. 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதி, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு பாடம். ஒரு சின்ன நோட்டில் தேதி, பாடம், தப்பான விடைகள் எத்தனை, அவ்வளவு எழுதினால் போதும். ஷிப்ட் முடிந்து வந்த ராத்திரியில் வேண்டாம், தலையில் ஏறாது.

அப்புறம், ஞாயிறு மதியம் புத்தகத்தை மூடிவிடுங்கள். நான் ஏழு நாளும் படித்து மூன்றாவது வாரமே காய்ச்சலில் விழுந்தேன். இப்போது அந்த மதியம் அம்மாவோடு சாப்பாடு, பிறகு நல்ல தூக்கம்.