கோச்சைத் திட்டுவதற்கு முன் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி

சென்னையின் எஃப்சி கால்பந்து அணி தோற்றால் மதுரை டீக்கடையிலும் முதல் கேள்வி, "கோச்சை எப்பய்யா மாத்துவாங்க?" 2015-லும் 2017-18-லும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கிய கிளப், ஆதங்கம் நியாயம்தான். ஆனால் குறை கோச்சிடமா, ஆட்களிடமா என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

முதல் 15 நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். கோலுக்கு முன்னால் தடுத்தாடும் பின்வரிசை நாலு பேரை மட்டும் பாருங்கள். நாம் தாக்கும்போது அவர்கள் நடுக்கோடு வரை ஏறுகிறார்களா? ஏறாவிட்டால் நடுவில் பெரிய இடைவெளி விழும். எதிரணி மிட்ஃபீல்டர் அங்கே நிதானமாகத் திரும்பி பாஸ் போடுவார். ஒருவர் மட்டும் பின்தங்கினால் அவர் தவறு, எதிரணி ஆளை ஆஃப்சைடில் சிக்கவைக்க பின்வரிசை சேர்ந்து ஏறும் பொறியும் அவரால் கெடும். நாலு பேருமே தங்கினால் அநேகமாக கோச் சொல்லி அனுப்பியது.

டிவி கேமரா பந்தையே துரத்தும். அதனால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உள்ளூர் ஆட்டம் நடந்தால் போய் கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பழகுங்கள். இடைவெளி அங்கிருந்துதான் துலக்கமாகத் தெரியும்.

அடுத்து, மாற்று ஆட்டக்காரர்கள். 5 பேரை மாற்றலாம், ஆனால் 3 தடவைக்குள். இடைவேளையில் மாற்றுவது அந்த 3 தடவைக் கணக்கில் சேராது. நிமிடத்தையும் ஸ்கோரையும் நோட்டில் குறியுங்கள். ஒரு கோல் பின்தங்கியும் 80-வது நிமிடம் வரை பெஞ்சைத் திரும்பிப் பார்க்காத கோச்சை தாராளமாகக் கேள்வி கேட்கலாம். பெஞ்சில் ஒரு ஸ்ட்ரைக்கரே (கோல் அடிக்கும் முன்வரிசை ஆள்) இல்லையென்றால், கேள்வி ஆள் எடுத்த நிர்வாகத்துக்கு. ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் களத்தில் இறக்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கை 2021-22-ல் 5-லிருந்து 4 ஆகக் குறைந்தபின் நல்ல இந்திய ஸ்ட்ரைக்கரின் அருமை இன்னும் கூடிவிட்டது.

குறைந்தது ஐந்து ஆட்டமாவது இப்படிக் குறித்துவிட்டு வாதத்துக்கு வாருங்கள்.