துக்கத்தில் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' படிக்க

அம்மா இறந்த வருஷம், டோல்கீன் எழுதிய இந்தக் கற்பனை நாவலை மறுபடி எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். மூன்றாம் பாகத்தில், எதிரியின் இருண்ட நாடான மோர்டோருக்குப் போங்கள். கதாநாயகன் ஃப்ரோடோ தூங்குகிறான். அவன் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்த அவன் தோழன் சாம், அப்புறம் வெளியே ஊர்ந்து வந்து, மேகத்தின் நடுவே ஒரு வெள்ளை நட்சத்திரத்தைப் பார்க்கிறான். திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்குகிறான். அந்தப் பக்கத்தை வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். அவர்களுடைய தாகமும் பசியும் மறுநாளும் அப்படியேதான் இருக்கும், அதையும் படிக்காமல் விடாதீர்கள்.

டோல்கீன் 1916-இல் போரில் நெருங்கிய நண்பர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். அதனால்தானோ என்னவோ, கதையில், குத்துப்பட்ட நாளான அக்டோபர் 6 வந்தால் ஃப்ரோடோவின் பழைய காயம் வலிக்கிறது.

கடைசி அத்தியாயத்தைத் திதி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.