போனைத் தூக்கிப் போட வேண்டாம், நாலடி தள்ளி வையுங்கள்

குக்கரில் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கையில் போனோடு அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றேன். யாரோ ஓர் அம்மா பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு குட்டி யானை. அடுத்து யார் வீட்டு வளைகாப்போ. பருப்பு தீய்ந்த வாசனை ஹாலில் இருந்த மகனுக்குத்தான் முதலில் வந்தது. "அம்மா, எத்தனை விசில் ஆச்சு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்து ஆறு மாதம் ஆகிறது என்பது தனிக்கதை.

அன்று ராத்திரி போனில் கணக்கைத் திறந்து பார்த்தேன். 5 மணி 40 நிமிடம். திரையைத் திறந்தது 127 தடவை.

ஆவேசத்தில் இன்ஸ்டாகிராமை அழித்தேன். நாலாம் நாள் திரும்ப ஏற்றினேன். பழைய பட்டன் போனுக்கே போய்விடலாம் என்று பீரோவில் இருந்ததைத் தேடி எடுத்தேன். நான் வீட்டில் டியூஷன் எடுப்பவள். ஃபீஸ் ஜிபேயில் வருகிறது, மகனின் வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வருகிறது. பட்டன் போன் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. போனும் வேண்டும், பருப்பும் தீயக்கூடாது என்றால் கைக்கும் ஆப்புக்கும் நடுவே கொஞ்சம் தூரத்தை உண்டாக்குவதுதான் வழி என்று பிறகுதான் புரிந்தது. கீழே உள்ளவை எல்லாம் அந்தத் தூரத்தை உண்டாக்கும் வேலைகள். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: மூன்று நாள் கணக்கு மட்டும் எடுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று இருக்கும். கூகுள் இதை 2018இல் கொண்டுவந்தது. ஐபோனில் இதன் பெயர் 'ஸ்க்ரீன் டைம்'. அதுவும் அதே வருடம் வந்ததுதான். திறந்தால் எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்று காட்டும்.

மொத்த நேரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் வழி பார்க்க மேப் திறந்ததும் இருக்கும், பாடம் நடத்த வீடியோ பார்த்ததும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை தடவை திறந்தீர்கள் என்பதை. மூன்று நாளைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒரு பழைய நோட்டில், போனை எடுக்கும்போதெல்லாம் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். பாதி மறந்துபோகும், பரவாயில்லை.

என் நோட்டில் அதிகம் இருந்த வார்த்தை 'மணி'. பணம் இல்லை, நேரம்! மணி பார்க்க எடுத்து, பச்சை நிறத்தில் ஏதோ வந்திருப்பதைப் பார்த்து, அதைத் திறந்து, இருபது நிமிடம் கழித்து வைத்துவிட்டு, மணி என்ன என்று தெரியாமலே எழுந்து போயிருக்கிறேன். சமையலறையில் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டினேன். ஒரு ஆணி, ஒரு பேட்டரி. அதிலேயே பத்துப் பதினைந்து தடவை குறைந்தது.

படி 2: நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள்

இது பத்து நிமிட வேலை. ஒரு மனிதர் எனக்கென்று எழுதியது மட்டும் சத்தம் போடலாம், மற்றது எதுவும் போடக்கூடாது. அழைப்பு, எஸ்எம்எஸ், தனியாக வரும் வாட்ஸப் செய்தி, அவ்வளவுதான். தள்ளுபடி அறிவிக்கும் கடை ஆப், 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று கூப்பிடும் வீடியோ ஆப், மூன்று நாளாக விளையாடவில்லை என்று ஏங்கும் கேம், எல்லாம் வாயை மூட வேண்டியவை. நோட்டிஃபிகேஷன் வரும்போது அதையே சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் நிறுத்தும் வசதி அங்கேயே வரும். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக ஏற்றும் ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று முதலில் உங்களிடம் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள்.

படி 3: வாட்ஸப் குரூப்புகள்

நம் ஊரில் இதுதான் கஷ்டமான படி. குடும்பக் குரூப்பை விட்டு வெளியே வந்தால் அது ஆப் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்காது, அடுத்த கல்யாணத்தில் பந்தி வரைக்கும் வரும். அதனால் யாரையும் விட்டு வெளியேறச் சொல்ல மாட்டேன்.

குரூப்பை அழுத்திப் பிடித்து மியூட் கொடுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று கேட்கும். 'எப்போதும்' என்பதையே தேர்ந்தெடுங்கள். 2020க்கு முன் அதிகபட்சம் ஒரு வருடம்தான் இருந்தது. இப்போது அந்தக் கவலை இல்லை. மியூட் செய்த குரூப்பிலும் யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டாலோ, உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ தெரியவரும். முக்கியமானது தப்பிப் போகாது.

அடுத்து, அதே குரூப்பை ஆர்க்கைவ் செய்யுங்கள், அதாவது பட்டியலிலிருந்து ஒதுக்கிவையுங்கள். முன்பெல்லாம் ஆர்க்கைவ் செய்தாலும் புதுச் செய்தி வந்ததும் துள்ளி மேலே வந்துவிடும். 2021 முதல் உள்ளேயே இருக்கும். பள்ளிக் குரூப் மாதிரி பார்த்தே ஆக வேண்டியவற்றில் மூன்றை மேலே பின் செய்துகொள்ளலாம். முன்பின் தெரியாத ஆட்கள் நிறைந்த குரூப் என்றால் தாராளமாக வெளியேறுங்கள். 2022 முதல் நீங்கள் வெளியேறுவது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படும்.

மீடியா தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டேட்டா என்று இருக்கும் பகுதியில் கிடைக்கும். காலை வணக்க ரோஜாப்பூக்கள் போனை அடைக்காது.

ஒரு வாரத்திலேயே அத்தை போன் செய்தார்.

"ஏம்மா, செவ்வாய்க்கிழமை முருகர் படம் போட்டேன், பார்க்கவே இல்லையா?"

"இனிமே ராத்திரி சாப்பிட்டப்புறம்தான் பார்ப்பேன் அத்தை. அவசரம்னா இப்படியே போன் பண்ணிடுங்க."

"போன் பண்ணா எடுப்பியா?"

"மொத ரிங்லயே எடுப்பேன்."

இப்போது அத்தை வாரம் இரண்டு தடவை கூப்பிடுகிறார். ராத்திரி ஒரு கால் மணி நேரம் குரூப்பைத் திறந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு மூடிவிடுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் திமிர் என்று பெயர் வரும்.

படி 4: ரீல்ஸும் ஷார்ட்ஸும்

சுரண்டல் லாட்டரி ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்தார்கள். அதற்கு முன் பெட்டிக்கடை வாசலில் நின்று நகத்தால் சுரண்டுவார்கள், ஒன்றும் இருக்காது, இன்னொன்று வாங்குவார்கள். எப்போதாவது பத்து ரூபாய் விழும். அந்தப் பத்து ரூபாய்தான் ஆளை அங்கேயே நிற்கவைக்கும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். கொத்தும்போது எப்போது தீனி விழும் என்று தெரியாமல் இருந்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸைத் தள்ளும் நம் கட்டைவிரல் செய்வதும் அதேதான். டிக்கெட்டுக்குக் காசு கேட்காததால் தெரிவதில்லை.

இணையப் பக்கத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லாமல் போனது 2006 வாக்கில். முடிவில்லாமல் கீழே போகும் இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அசா ராஸ்கின். பிற்காலத்தில் இதற்காக வருத்தம் தெரிவித்தார். நம் கைக்கு இந்தப் பழக்கம் வந்த கதையும் பக்கத்தில்தான் இருக்கிறது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை. ஜூலையில் இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் ஷார்ட்ஸை முதன்முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான். காலி இடத்தை மூன்று மாதம்கூடக் காலியாக விடவில்லை.

யூடியூப்பில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் பார்த்த வீடியோக்களின் வரலாறு, அதாவது வாட்ச் ஹிஸ்டரி, இருக்கும். பழையதை முழுதாக அழித்துவிட்டு அதை நிறுத்திவையுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, இப்படிச் செய்தால் முகப்புப் பக்கத்தில் சிபாரிசு எதுவும் வராது. வெறுமையாக, தேடும் பெட்டியோடு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது போன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ரசப்பொடி அளவு வேண்டுமா, தேடுங்கள், பாருங்கள், வெளியே வாருங்கள். பாதியில் விட்ட வீடியோ எங்கே நின்றது என்று தெரியாமல் போவது ஒரு தொந்தரவுதான். ஆட்டோப்ளேயையும் அப்படியே அணைத்துவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் கணக்கை அழிக்க வேண்டாம், ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு போனில் இருக்கும் க்ரோம் வழியாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும் லாக் அவுட். அடுத்த தடவை பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டுக்குள் பாதி ஆசை செத்துவிடும். நான் முதலில் செய்த தவறு, மாற்று வழி வைக்காமல் ஆப்பை அழித்தது.

ஆப் டைமர் பற்றி நிறையப் பேர் பெருமையாகச் சொல்வார்கள். தினம் 30 நிமிடம் என்று வைத்தால் அதற்கு மேல் ஆப் மங்கிவிடும், நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. பூட்டைப் போட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட மாதிரி, இரண்டு தட்டில் டைமரை எடுத்துவிடலாம். ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குத் தனிப் பாஸ்கோடு உண்டு. அதை வீட்டில் வேறு யாராவது வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இருக்கும்.

படி 5: முகப்புத் திரை

அழைப்பு, செய்தி, கேமரா, பணம் அனுப்பும் ஆப். இவை போதும். மற்றதை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, தேவைப்படும்போது பெயரை அடித்துத் தேடித் திறந்துகொள்ளுங்கள்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதியும் உண்டு. நான் இரண்டு வாரம் பகலிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். தங்கை கடையில் நின்றுகொண்டு இரண்டு புடவைப் படம் அனுப்பி, மாம்பழ மஞ்சளா, அரக்கா என்று கேட்டாள். எனக்கு இரண்டும் சாம்பல். அதோடு பகலில் விட்டேன். இப்போது பெட்டைம் மோடு வழியாக ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மட்டும்.

படி 6: போனுக்கு ஓர் இடம்

அம்மா வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலத்தில் அதற்கென்று ஹால் மூலையில் ஒரு ஸ்டாண்டு, மேலே அம்மா பின்னிய உல்லன் துணி. மணி அடித்தால் நாம்தான் எழுந்து போவோம். நின்றுகொண்டே பேசுவோம், வைத்துவிட்டு வந்துவிடுவோம். போனைத் தூக்கிக்கொண்டு யாரும் கழிவறைக்குப் போனதில்லை; வயர் விடாது.

அந்த வயரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ஜரைக் கழற்றி ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ப்ளக்கில் மாட்டுங்கள். வீட்டில் இருக்கும்போது போன் அங்கேதான் கிடக்க வேண்டும், பேட்டரி முழுதாக இருந்தாலும். அலாரத்துக்காகத்தானே பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பீர்கள். ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். நான் வாங்கியது டிக் டிக் என்று தலைமாட்டில் உயிரை எடுத்தது. அலமாரி மேல் வைத்தேன். அணைக்க எழுந்து நடக்க வேண்டியிருப்பதால் தூக்கமும் கலைகிறது.

ஊரில் வயதானவர்கள் இருந்தால் ராத்திரி அழைப்பு பற்றிய பயம் நியாயமானது. ரிங் சத்தத்தை முழுதாக வைத்து, 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டு, வீட்டு ஆட்களின் எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்டில், அதே ஆள் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் தடவை கூப்பிட்டால் ஒலிக்கவிடும் வசதியும் அங்கே இருக்கிறது. அதையும் போட்டுவையுங்கள்.

முதல் வாரம் கை சும்மா இருக்காது. பேருந்து நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், மகனின் ஸ்பெஷல் கிளாஸ் வாசலில், பையைத் துழாவிக்கொண்டே இருப்பீர்கள். நான் பூண்டு உரித்தேன். வீட்டில் ஒரு மாதத்துக்கு ஆகும் பூண்டு ஆறு நாளில் உரிந்துவிட்டது.

இரண்டு மாதம் ஆகிறது. 2 மணி 20 நிமிடத்தில் நிற்கிறது, திறப்பது ஐம்பது தடவைக்குள். மழை விடுமுறை அறிவிப்பார்களா என்று காத்திருந்த ஒரு நாள் மட்டும் பழையபடி நூறைத் தாண்டியது. அப்படிச் சறுக்கினால் ஆறு படியையும் திரும்ப ஏற வேண்டாம், சார்ஜர் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். என் விஷயத்தில் ஒவ்வொரு தடவையும் அது படுக்கையறைக்குத் திரும்ப வந்திருந்தது.

என் வீட்டுக்காரரின் சார்ஜர் இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். இந்த டெஸ்ட் சீரீஸ் முடியட்டும் என்கிறார். இதை அவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். பதினைந்தாவது நொடியில் நீல டிக் விழுந்தது.