மகனின் ஏபிஏ சிகிச்சைக்கு முழு மணிநேரமும் கிடைத்தது எப்படி

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். மருத்துவர் வாரம் 25 மணிநேரம் ஏபிஏ எனும் நடத்தைப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனம் 10 மணிநேரத்துக்குத்தான் ஒப்புதல் தந்தது. மீதிக்கு 'மருத்துவத் தேவை இல்லை' என்று ஒரு கடிதம். அன்றிரவு நானும் மனைவியும் தூங்கவில்லை.

முதலில், ஆட்டிசம் சிகிச்சைக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தைக் காட்டி வாதாடினேன். பலிக்கவில்லை. எங்களுடையது வேலை தரும் கம்பெனியே தன் பணத்தில் நடத்தும் காப்பீட்டுத் திட்டம். காப்பீட்டு நிறுவனம் அதை நிர்வகிக்க மட்டுமே செய்கிறது. இப்படிப்பட்ட திட்டங்கள் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அந்த மாநிலச் சட்டம் இவற்றுக்குச் செல்லாது. உங்கள் திட்டம் எந்த வகை என்று ஹெச்ஆரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எனக்கு ஒரு மாதம் வீணானது.

வழி கிடைத்தது 2008ஆம் ஆண்டு மனநலச் சமத்துவச் சட்டத்தில். உடல்நோய்ச் சிகிச்சைக்கு இல்லாத கெடுபிடியை மனநலச் சிகிச்சைக்கு வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். இரண்டுக்குமான கெடுபிடிகளை ஒப்பிட்டு அவர்கள் செய்த ஆய்வைத் தரும்படி எழுத்தில் கேட்டேன். கூடவே மேல்முறையீடு, அதற்கு 180 நாள் அவகாசம் உண்டு. மருத்துவரின் கடிதத்தோடு, அவன் ஒரு நாளில் எத்தனை முறை தலையை மோதிக்கொள்கிறான் என்று சிகிச்சையாளர் குறித்துவைத்த ஆறு வார அட்டவணையையும் அனுப்பினேன். அந்த அட்டவணைதான் பேசியது என்று நம்புகிறேன்.

நான்காவது வாரம் 25 மணிநேரமும் ஒப்புதலானது. சரி, ஆறு மாதத்தில் மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதற்கான அட்டவணையை இப்போதே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டோம்.