உப்புவெளி வீட்டு ரவுட்டருக்கு வெளியிலிருந்து எஸ்எஸ்எச் இணைப்பு கிடைக்காதபோது

கொழும்பில் வேலை செய்துகொண்டு, திருகோணமலை உப்புவெளியில் பெற்றோர் வீட்டிலுள்ள ரவுட்டரை எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கருவிக்குள் மறைகுறியாக்கத்துடன் நுழையும் முறை) வழியாகக் கட்டளை வரியில் பராமரிப்பவருக்கு ஒருநாள் இணைப்பு கிடைக்காமல் போகலாம். அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் திரையில் வந்த பிழைச்செய்தியை நிதானமாக வாசியுங்கள்.

‘பெர்மிஷன் டினைட்’ என்றால் பாதையில் குறையில்லை. பயனர் பெயரையோ உங்கள் உள்நுழைவுச் சாவியையோ சரிபார்த்தால் போதும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால், கோரிக்கை ஏதோவொரு கருவியை அடைந்து மறுக்கப்பட்டிருக்கிறது. அங்கே சேவை இயங்காமலோ எஸ்எஸ்எச்சுக்கு வழக்கமான 22 அல்லாத வேறொரு போர்ட்டில் (சேவையின் வாயில் எண்) இயங்கியோ இருக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரவுட்டர் மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதன் ஃபயர்வால் (தடுப்புச் சுவர்) வெளிப்பக்கக் கோரிக்கைகளை இயல்பாகவே மறுப்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

நெடுநேரம் காத்திருந்து ‘டைம்ட் அவுட்’ என்று வருவதே கடினமானது. வீட்டிலிருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான்’ (WAN, வெளி இணைய இணைப்பு) என்பதற்கு எதிரேயுள்ள முகவரியையும், ஐபி முகவரியைக் காட்டும் இணையத்தளம் ஒன்றில் தெரியும் பொது முகவரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றானால், மின்தடைக்குப் பின் முகவரி மாறி, நீங்கள் பழையதையே அழைத்துக்கொண்டிருக்கக்கூடும். மாறும் முகவரியை நிலையான பெயரோடு இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் அதைத் தீர்க்கும். இரண்டும் வேறுபட்டு, வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், அநேகமாக இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் சிஜிநாட்டின் பின்னால் இருக்கிறீர்கள். 4ஜி சிம் ரவுட்டர்களில் இது சாதாரணம். இதை அறியாமல் நான் இரண்டு விடுமுறைகளைப் போர்ட் திறப்பதிலேயே கழித்தேன். அங்கே எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேளுங்கள், அல்லது வாடகைச் சேவையகம் ஒன்றுக்கு ரவுட்டரே வெளிநோக்கி வயர்கார்ட் சுரங்கம் (மறைகுறியாக்கிய விபிஎன் இணைப்பு) அமைக்கச் செய்யுங்கள். சுரங்கமே பாதுகாப்பானது என்பதால், பொது முகவரி இருந்தாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

உப்புவெளிக்குச் சென்றிருக்கும்போது சோதிப்பதானால் வைஃபையை அணைத்து, கைபேசித் தரவிலிருந்து முயலுங்கள். வீட்டுக்குள்ளிருந்து சொந்தப் பொது முகவரியை அழைப்பதைச் சில ரவுட்டர்கள் ஆதரிப்பதில்லை.

ரவுட்டரின் அடையாளச் சாவி மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், யாரேனும் ரவுட்டரை ரீசெட் செய்தார்களா என்று வீட்டில் கேட்டு உறுதிசெய்த பிறகே உங்கள் கணினியிலுள்ள பழைய சாவிப் பதிவை நீக்குங்கள். எஸ்எஸ்எச் சரிவரவில்லை என்பதற்காக டெல்நெட் என்ற பழைய தொலை நுழைவு முறையை வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது; அதில் கடவுச்சொல் மறைகுறியாக்கமின்றிச் செல்கிறது.

ஃபயர்வாலைக் கொழும்பிலிருந்து திருத்தும்போது, பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகும்படி முதலில் குறித்துவிட்டு, மாற்றத்தை நிரந்தரமாகச் சேமிக்காமல் சோதியுங்கள். இணைப்பு அறுந்தாலும் மறுதொடக்கத்தில் பழைய அமைப்பு திரும்பிவிடும்.