பாண்டியிலிருந்து பாரிஸ்: தூரமும் நேரமும் கணக்கிடும் முறை

பாண்டிக்காரர்கள் விமானம் ஏறும் சென்னையிலிருந்து பாரிஸுக்கு வான்வழி நேர்த்தூரம் சுமார் 8,020 கி.மீ. கூகுள் எர்த்தின் அளவுகோலை இரு விமான நிலையங்களிலும் வைத்தால் நீங்களே பார்க்கலாம். கோடு வளைந்து தெரியும்; உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்குவழி.

தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கி.மீ.யால் வகுத்து, விமானம் மேலேறி இறங்குவதற்கு அரை மணி சேருங்கள்: ஏறத்தாழ 10 மணி நேரம். போகும்போது எதிர்க்காற்று, மூடிய வான்வெளியைச் சுற்றினால் இன்னும் கூடும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சீக்கிரம் வந்துவிடலாம்.

துபாய் வழியாகப் போனால் ஏகத்துக்கும் சுற்று என்று நினைக்க வேண்டாம். 2,940 + 5,240 = 8,180 கி.மீ.; கூடுவது 160தான். நேரத்தை விழுங்குவது அங்கே காத்திருப்பதுதான்.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். பாரிஸ் நேரம் நமக்குக் குளிர்காலத்தில் 4:30, கோடையில் 3:30 மணி பின்தங்கியது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறும். ஜனவரியில் அதிகாலை 1:30க்குக் கிளம்பி காலை 8:15க்கு இறங்கினால் பயணம் 6:45 அல்ல, 11:15 மணி.

பலர் கோட்டை விடுவது தேதியில். 15ஆம் தேதி அதிகாலை 1:30 விமானத்துக்கு, பாண்டியிலிருந்து 14ஆம் தேதி மாலையே வண்டி எடுக்க வேண்டும். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) மூன்று மணி, நிலையத்தில் மூன்று மணி, நெரிசலுக்கு ஒன்று: 6:30க்குப் புறப்படுங்கள். வார இறுதியென்றால் 5:30. செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும், கெஞ்சினாலும் திறக்காது.